கப்பலுக்கு ஒத்திகை

...அதைத்தான் சார் நானும் கேக்குறேன்! ஏழு சின்ன விசில், கடைசியில ஒரு நீட்டு விசில். இதுல என்ன சார் தப்பு? கப்பல்ல ஆபத்துன்னா அப்படித்தான் ஊதுவாங்க. நானா கண்டுபிடிச்சேன்? நீங்க என்னமோ காலங்காத்தால ஆறு மணிக்குன்னு இழுக்குறீங்க... கப்பல் மணி பாத்தா சார் முழுகும்? எல்லாரும் எழுந்திரிச்சு, பல்லு விளக்கி, காபி குடிச்ச பிறகு முழுகலாம்னு காத்துக்கிட்டு இருக்குமா?

உள்ள வாங்க. வாசல்ல நின்னு பேசினா நல்லாவா இருக்கு? அய்யய்யோ... அங்க மிதிக்காதீங்க! கோடு, கோடு! கீழ பாருங்க. வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருக்கு பாருங்க, அது சுவரு. நீங்க இப்ப சுவத்துக்குள்ள நிக்கிறீங்க. இப்படி, இந்த இடைவெளி வழியா வாங்க, இதுதான் கதவு. ம்... அதான். இப்பதான் நீங்க ரூமுக்குள்ள வந்திருக்கீங்க. பதினாறடி நீளம், பத்தடி அகலம். கட்டில், அலமாரி, குளிக்கிற ரூமு எல்லாம் சேர்த்து கப்பல்ல நமக்கு இவ்வளவுதான். அந்த மூலையில பெட்ஷீட்டு தொங்குதே, அது குளியலறை. மூணடிக்கு மூணடி. உள்ள போய் சோப்பு கீழ விழுந்தா விழுந்ததுதான். குனிஞ்சு எடுக்கணும்னா வெளிய வந்து குனியணும்.

ஏழு நாளா நாங்க ரெண்டு பேரும் இந்தக் கோட்டுக்குள்ளதான் சார் குடும்பம் நடத்துறோம். சமையல்கட்டுக்குப் போறதுன்னா கூட அனுமதி கேட்டுட்டுத்தான் போகணும். யார்கிட்டயா? என்கிட்டதான்.

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பெட்டி மேல உக்காருங்க, அதுவும் அமுங்கின மாதிரி இருக்கும். மூணு நாளா மூட மாட்டேங்குது.

நீங்க குடி வந்து அஞ்சு நாள்தானே ஆச்சு, என்னைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்? முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸு. அதுல கடைசி பதினாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல ஹெட் நர்ஸு. உள்ள போகும்போது பஞ்சு எத்தனை, கத்திரி எத்தனைன்னு எண்ணி விடுவேன். முடிஞ்சதும் எண்ணி வாங்குவேன். ஒண்ணு குறைஞ்சாலும் எந்தப் பெரிய டாக்டரா இருந்தாலும் சரி, நகர விடமாட்டேன். கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு பாவம், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. இன்னைய தேதி வரைக்கும் ஒரு மனுஷன் வயித்துக்குள்ள ஒரு நூலை விட்டுட்டு வந்ததில்ல நான். அப்படிப்பட்டவ ஏழு நாள் கப்பல்ல போறேன், ஒத்திகை பாக்காம போவேனா? ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்க. இது காலை விடுற ஆழமா சார்? கப்பலையே விடுற ஆழம்!

கிளம்புறீங்களா? இருங்க சார், வந்ததே இப்பதான். உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். நீங்களே வரலைன்னா நானே கீழ இறங்கி வந்திருப்பேன். பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி நீங்களே கோபமா ஏறி வந்துட்டீங்க.

மணி ஒம்பதே கால். பதினோரு மணிக்கு டாக்சி. இங்க இருந்து துறைமுகத்துக்கு ரெண்டு மணி நேரம். சாயங்காலம் கப்பல். இப்ப இந்த வீட்டுல குறையுறது என்ன தெரியுமா? பாஸ்போர்ட் இருக்கு. டிக்கெட் இருக்கு. வாந்தி மாத்திரை இருக்கு, வெயிலுக்குக் கிரீம் இருக்கு, கொசுவுக்குக் கிரீம் இருக்கு, ரெண்டையும் மாத்தித் தடவிட்டா அதுக்கு ஒரு கிரீம் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் சார் இல்ல. என் வீட்டுக்காரரு.

இருக்காரு... இருக்காரு. மொட்டை மாடியில இருக்காரு. வர மாட்டேங்கிறாரு.

இன்னைக்குக் காலையில கடைசி ஒத்திகை. விசில் ஊதினேன். ஆமா, அந்த விசில்தான். மனுஷன் எழுந்திரிச்சாரு. தலகாணியை நெஞ்சுல வச்சு துண்டால கட்டினாரு. மிதக்கிற சட்டை கப்பல்லதான் குடுப்பாங்க, அதுவரைக்கும் தலகாணிதான். கட்டிக்கிட்டு வரிசையில நின்னாரு. வரிசைன்னா என்ன, அவரு ஒருத்தருதான் வரிசை. நான் கடிகாரத்தைப் பாத்து, ஒரு நிமிஷம் பத்து செகண்டு, நேத்தைவிட பரவால்லைன்னு சொன்னேன். பாராட்டித்தானே சார் சொன்னேன்? அவரு நிதானமா துண்டை அவுத்தாரு. தலகாணியை என் கையில குடுத்தாரு. ‘நீ போயிட்டு வா. நான்தான் ஏழு நாளா போயிட்டு வந்துட்டேனே’ன்னாரு. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்காதேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. இங்க கப்பல் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டேன்.

அதான் சார், நீங்க ஒரு எட்டு மேல போய்... நீங்க ஆம்பளை, நீங்க சொன்னா கேப்பாரு. ‘ஏதோ பொண்ணு ஆசைப்பட்டு அனுப்புது, போயிட்டு வாங்க’ன்னு ஒரு வார்த்தை. எங்க பொண்ணுதான் சார் ஏற்பாடு. வேற ஊர்ல வேலையில இருக்கா. ‘அம்மா, அப்பா ரிட்டயராகுறாரு, நீயும் வேலையை விட்டுட்ட, ரெண்டு பேரும் போய் கடலைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்துட்டு வாங்க’ன்னா. சும்மா! சும்மா உக்காருறதுக்கு என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்னு அன்னைக்கு ராத்திரியே லிஸ்ட் போட ஆரம்பிச்சுட்டேன்.

மேல போறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் பிடிங்க. இது தராசு. கொக்கியில பையை மாட்டித் தூக்கணும். தூக்குங்க... இன்னும் கொஞ்சம்... உங்களுக்கு முதுகு வலி ஏதும் இல்லையே? ஏழரை கிலோ. சரி, இறக்குங்க.

அவருக்கு என்ன கோபம்னு நினைக்கிறீங்க? நானும் யோசிச்சுப் பாக்குறேன். பெட்டி விஷயமா இருக்குமோ? ரெண்டு பெட்டி சார். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. போற வழியில ஒரு பெட்டி தொலைஞ்சு போச்சுன்னு வைங்க, ஒருத்தரு ஏழு நாளும் ஒரே துணியோட திரியணும். அதுக்காக என்ன பண்ணேன், அவரு துணியில பாதி என் பெட்டியில, என் துணியில பாதி அவரு பெட்டியில. மூளை இருக்குற யாருமே அப்படித்தான் வைப்பாங்க. இவரு பெட்டியைத் திறக்குறாரு, மேலாக்க என் நைட்டி. அதுக்குக் கீழ என் புடவை. நோண்டி நோண்டி அடியில போய் ஒரு பனியனைக் கண்டுபிடிச்சு எடுத்து, அதை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பாக்குறாரு. புதையல் கெடைச்ச மாதிரி. திட்டியிருந்தாலாவது நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

பேசவே மாட்டாரு சார். சரக்கு ரயில் ஓட்டினவரு. ஆளு ஏறுற ரயில் இல்ல. கரி, சிமெண்டு, கோதுமை. பின்னாடி ஐம்பது பெட்டி வரும், ஒரு பெட்டி வாயைத் திறக்காது. அப்படியே இவருக்கும் பழகிப்போச்சு. நான் பத்து வார்த்தை சொன்னா அவரு தலையை ஒரு தடவை ஆட்டுவாரு. பச்சைக் கொடி ஆட்டுறதோட கடமை முடிஞ்சுது.

இல்ல, அந்த இஸ்திரிப் பெட்டி சமாச்சாரமோ? கப்பலுக்குள்ள இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகக் கூடாது. நெருப்பு பயம். நீட்டு ஒயரு வச்ச பிளக்கு பெட்டி இருக்குல்ல, அதுவும் கூடாது, வாசல்லயே பிடுங்கி வச்சுக்குவாங்க. நான் லிஸ்ட்லயே சிவப்பு மையில எழுதியிருக்கேன். இவரு தன் சட்டையைத் தானே தேய்ச்சுப் போட்டுப் பழகினவரு. நான் தூங்கின பிறகு இஸ்திரிப் பெட்டியைத் துண்டுக்குள்ள சுத்தி, பெட்டிக்குள்ள அடியில வச்சிருக்காரு. விடுவேனா? தராசுல ரெண்டு கிலோ கூடக் காட்டுச்சு. எடுத்து மேசையில வச்சேன். மறுநாள் பாத்தா மறுபடியும் உள்ள. மறுபடியும் எடுத்தேன். மூணு நாள் இப்படியே. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல சார். அது பாட்டுக்கு உள்ள போகும், வெளிய வரும். சட்டையை மடிக்காம சுருட்டி வச்சா கசங்காதுன்னு சொல்லி, பதினாலு சட்டையையும் நானே பாய் மாதிரி சுருட்டி வச்சுட்டேன். அதைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை... பெத்த பிள்ளையைச் சுருட்டி வச்ச மாதிரி!

சரி சரி, தேவையில்லாத பேச்சு. கிரீமைப் பத்திச் சொல்லிடுறேன். நாங்க போற பக்கம் வெயிலு சாதாரண வெயிலு இல்ல. மேல இருந்து ஒரு பங்கு, கடல் தண்ணியில பட்டுத் தெறிச்சு இன்னொரு பங்கு. முகத்துக்கு மட்டும் ரெண்டு விரல் நீளத்துக்குக் கிரீம் போடணும். ரெண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடியும் போடணும். காதுமடலை மறக்கக் கூடாது, எல்லாரும் காதைத்தான் கோட்டை விடுவாங்க. நான் அலாரம் வச்சுட்டேன். முதல் நாளே இவரைப் பால்கனியில உக்கார வச்சு, பூசி, தொப்பி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி விட்டேன். வெள்ளையடிச்ச சுவரு மாதிரி அசையாம உக்காந்திருக்காரு. பேப்பர் போடுறவரு பாத்துட்டு, ‘அம்மா, சாருக்கு உடம்பு எப்படி இருக்கு’ன்னு என்கிட்ட தனியா வந்து கேக்குறாரு!

கொக்கியைக் காட்டலையே உங்களுக்கு. இந்தாங்க, பாருங்க, காந்தம் வச்ச கொக்கி. கப்பல் ரூம்ல சுவரெல்லாம் இரும்பு. ஆணி அடிக்க முடியாது, ஆனா காந்தம் பச்சக்குன்னு பிடிச்சுக்கும். ஈரத்துணி, தொப்பி, பை எல்லாத்தையும் மாட்டலாம். பன்னெண்டு வாங்கினேன். வீட்டுல இரும்பு எங்க இருக்கு? ஃபிரிட்ஜுலதான். மாட்டிப் பாத்தேன். அன்னைக்குன்னு பாத்து அவரு கூட ரயில் ஓட்டின நண்பரு வந்துட்டாரு, தண்ணி கேட்டாரு. ஃபிரிட்ஜைத் திறக்கணும்னா ரெண்டு பாவாடையையும் மூணு உள்பனியனையும் விலக்கணும். அவரு, ‘பரவால்ல, எனக்குத் தாகமே இல்ல’ன்னுட்டுப் போயிட்டாரு.

நீங்க ஏன் சார் கடிகாரத்தையே பாக்குறீங்க? நேரம் இருக்கு.

இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. வாந்தி விஷயம். கப்பல் ஆட்டத்துக்கு யாருக்கு ஒத்துக்கும், யாருக்கு ஒத்துக்காதுன்னு முன்னாலயே தெரியணும்ல? தெருமுனைப் பூங்காவுல ஊஞ்சல் இருக்கு. சாயங்காலம் குழந்தைங்க போன பிறகு இவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ‘உக்காருங்க, இந்தப் பேப்பரைப் படிங்க, நான் ஆட்டுறேன்’னேன். கால் மணி நேரம் ஆட்டினேன். மனுஷன் அசையல. விளையாட்டுப் பக்கம் முடிச்சு விளம்பரமே படிக்க ஆரம்பிச்சுட்டாரு. சரி, நாமளும் ஒரு கை பாப்போம்னு நான் உக்காந்தேன். அவரு ஆட்டினாரு. மூணு ஆட்டம்... சார், மூணே மூணு ஆட்டம். அவரு புதுச் செருப்பு போச்சு. பூங்காக் காவலாளி ஓடி வந்து, ‘இந்த வயசுல என்னம்மா இது’ன்னாரு. முப்பத்தோரு வருஷம் ஊரு வாந்தியெல்லாம் பிடிச்சவ நான். என்னால நம்பவே முடியல. இவரு போய் கைக்குட்டையை நனைச்சுக்கிட்டு வந்து குடுத்தாரு. வீடு வர்ற வரைக்கும் என் பையைத் தூக்கிக்கிட்டு ரெண்டடி பின்னாலயே வந்தாரு. நல்ல மனுஷன்தான்... நான் இல்லைன்னு சொல்லலையே.

அய்யோ, மணி ஒம்பதே முக்காலா! கைப்பை, கைப்பை! அதை மறந்தேன் பாருங்க. துறைமுகத்துல பெரிய பெட்டியையெல்லாம் வாசல்லயே வாங்கிக்குவாங்க. அது நம்ம ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிடும். அதுவரைக்கும் மாத்திரை, பாஸ்போர்ட்டு, கண்ணாடி, ஒரு மாத்துத் துணி எல்லாம் கையிலயே இருக்கணும். நீலப் பை ஒண்ணு இருக்கு, பரண்ல. நான் ஸ்டூல்ல ஏறுறேன். நீங்க கீழ நின்னு, நான் குடுக்குறதை வாங்கி வைங்க. பை அடியில எங்கயோ கிடக்கு, மேல இருக்குறதெல்லாம் இறக்கினாத்தான் வரும். மேல மாடிக்கு அப்புறம் போவீங்களாம்.

ஸ்டூல் ஆடுது... பிடிச்சுக்கோங்க. ம். ஏறிட்டேன்.

இந்தாங்க, சுடுதண்ணிப் பை. ஓட்டை. எதுக்கு வச்சிருக்கேன்னு தெரியல. வாங்கிட்டீங்களா? அப்படித் தொப்புன்னு போடாதீங்க சார், பெட்டி மேல வைங்க. இந்தாங்க, மேசை விசிறி. ஒயரு தொங்குது, பாத்து. அது என்ன உடைஞ்ச சத்தம்? சரி விடுங்க, ஏற்கனவே ரிப்பேருதான். இது பொண்ணோட பழைய ஸ்கூல் பை. இது என்னது... ஓ, குடை. மழையும் வரும் சார் அந்தப் பக்கம், வெயிலடிக்கும்போதே வரும். அதைத் தனியா வைங்க, கொண்டுபோறது.

என்ன சத்தம்? கதவா? காத்துல அடிக்குது போல. தாழ்ப்பாளு சரியில்ல, அதுவும் லிஸ்ட்ல இருக்கு.

என்ன சார், மேல போகணும்னு சொன்னதுல இருந்து கம்முனு ஆயிட்டீங்க. உங்களுக்கும் சங்கடமா இருக்கும், தெரியுது. புதுசா குடி வந்த வீட்டுல, முன்னப்பின்ன தெரியாத மனுஷன்கிட்ட போய் என்னன்னு சொல்வீங்க. போக வேண்டாம், விடுங்க. சொல்லி வர்ற ஆளு இல்ல அவரு. இந்தாங்க, ஒரு தலகாணி.

உங்க முகத்தைப் பாத்தா சொல்லியிருக்க மாட்டேன். நான் முதுகைக் காட்டிக்கிட்டுப் பரணைப் பாத்து நிக்கிறதால சொல்றேன். எனக்கு பயமா இருக்கு சார்.

கடலுக்கு இல்ல. கடல் என்ன பண்ணும்? வாந்தி வந்தா எடுப்போம், மாத்திரை இருக்கு. ஏழு நாள் சார். பதினாறடிக்குப் பத்தடி. அவரும் நானும்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். இந்த ஒத்திகையை விட்டா, சேர்ந்தாப்பல ஏழு நாள் ஒரே ரூம்ல நாங்க இருந்ததே கிடையாது. சொன்னா நம்புவீங்களா? எனக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் ராத்திரி டூட்டி. அவரு வண்டியோட போனா மூணு நாள், நாலு நாள். நான் உள்ள நுழையும்போது அவரு செருப்பு மாட்டுவாரு. ஃபிரிட்ஜ் கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போவோம். ‘பால் இருக்கு. வியாழன் வருவேன்.’ ‘கேஸ் தீரப் போகுது. பொண்ணு பாஸ்.’ எங்க குடும்பம் முப்பது வருஷமா நடந்ததே ஃபிரிட்ஜ் கதவுலதான் சார். கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை நாலு நாள் சேர்ந்து இருந்தோம். அதுலயும் அவருக்கு அம்மை போட்டிருந்துச்சு. அப்ப எனக்குக் கஷ்டமா இல்ல. நோயாளி படுத்திருந்தா எனக்கு என்ன பண்ணணும்னு தெரியும். காய்ச்சல் பாப்பேன், மருந்து குடுப்பேன், பெட்ஷீட்டு மாத்துவேன். நல்லா இருக்குற மனுஷனை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

இந்தாங்க, இன்னொரு தலகாணி. பரவால்லையே, இப்பல்லாம் சத்தமில்லாம வாங்கி வைக்கிறீங்க. பழகிட்டீங்க.

சிரிக்கக் கூடாது. நான் ஒரு லிஸ்ட் போட்டேன். பெட்டி லிஸ்ட் இல்ல, இது வேற. இடுப்புல சொருகி வச்சிருக்கேன், இருங்க... இதோ. ‘பேச வேண்டியவை.’ முதல் நாள்: பொண்ணு வேலை, தண்ணி மோட்டார் ரிப்பேரு. ரெண்டாம் நாள்: அவரு தங்கச்சி வீட்டு விஷயம், பல்லு டாக்டர்கிட்ட போறது. மூணாம் நாள்: கப்பல் சாப்பாடு எப்படி இருந்துச்சு. நாலாம் நாள்... ‘கடல்’னு எழுதியிருக்கேன். கடல்னா என்ன கடல்? பெருசா இருக்கு, ஆமா பெருசா இருக்குன்னு முடிஞ்சுடும். அஞ்சு, ஆறு, ஏழு... வெறும் தாளு சார். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? மூணு நாள் ராத்திரி உக்காந்து யோசிச்சேன், ஒண்ணும் வரல.

அதுக்குத்தான் விசிலு. அதுக்குத்தான் கிரீமு, கோடு, கொக்கி எல்லாம். கையில வேலை இருந்தா பேச வேண்டியதில்ல பாருங்க. நான் பேசிக்கிட்டே இருந்தா, பேச ஒண்ணும் இல்லைன்னு அவருக்குத் தெரியவே தெரியாது பாருங்க.

மூணாம் நாளு... இதைச் சொன்னா உங்களுக்கே கோபம் வரும். மத்தியானம். இந்தக் கோட்டுக்குள்ள, இதோ அந்த மூலையில நான் உக்காந்து மாத்திரை சீட்டு ஒட்டிக்கிட்டு இருக்கேன். அவரு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருக்காரு. திடீர்னு ஆரம்பிக்கிறாரு. ‘ஒரு தடவை விடியக்காலை. சிக்னல் விழல. நடுக்காட்டுல இருபது நிமிஷம் வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். அப்ப என்ன பாத்தேன் தெரியுமா?’ன்னாரு.

அவரா! என்கிட்ட! நான் கேக்காமயே!

நான் என்ன பண்ணேன்? அலாரம் அடிச்சுது சார். ‘அய்யோ, ரெண்டு மணி நேரம் ஆச்சு, கிரீம் தடவுங்க’ன்னேன். டப்பாவைக் கையில குடுத்தேன். வாங்கித் தடவிக்கிட்டாரு. காதுமடலுக்குக் கூட மறக்காம தடவினாரு. அதுக்கப்புறம் அதைப் பத்தி வாயைத் திறக்கல. நானும் கேக்கல. எப்படிக் கேக்குறது? நாலு நாளா அதுதான் சார் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. என்ன பாத்திருப்பாரு? யானையா? யாராவது மனுஷங்களா? முப்பது வருஷமா அந்த மனுஷன் மனசுக்குள்ள என்னென்ன பாத்து வச்சிருக்காரோ, நான் சீட்டுல ‘கேஸ் தீரப் போகுது’ன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். அவரு மேல தப்பு சொல்லி உங்களை அனுப்பப் பாத்தேனே, அந்த மனுஷன் கப்பலுக்குப் பயந்தா மாடியில போய் உக்காந்திருக்காரு? என் வாய்க்குப் பயந்து உக்காந்திருக்காரு.

கண்ணுல தூசி. பரண் பூரா தூசி. ஒண்ணுமில்ல.

இந்தாங்க, கம்பளி. இதுக்கு அடியிலதான் நீலப் பை இருக்கணும்... ஆங், கெடைச்சுடுச்சு. பிடிங்க. கம்பளியை எங்க வச்சீங்க? அட, மடிச்சே வச்சுட்டீங்களா! மூலைக்கு மூலை, விளிம்பு தெரியாம... டூட்டி ரூம்ல படுக்கையை மடிச்சு வைக்கிற மாதிரி. ஆம்பளைங்கள்ல இப்படிக் கம்பளி மடிக்கிறவரு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்...

சார்?

...சார்?

நீங்களா.

எப்ப வந்தீங்க? கீழ் வீட்டு சாரு எங்க? அப்பவே போயிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்ல அந்த மனுஷன், நான் பாட்டுக்கு இங்க... எந்தப் பேச்சுல இருந்து கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க? பல்லு டாக்டர்ல இருந்தா? அதுக்கும் முன்னாலயா? ...அந்தக் கதவுச் சத்தம், அது நீங்கதானா!

சிரிக்காதீங்க. ஸ்டூல் ஆடுதுங்க... கையைக் குடுங்க. மெதுவா. ம்.

அது என்ன காலுல, ஷூவா? மாட்டிட்டீங்களா? பெட்டியையும் பூட்டிட்டீங்களா? எப்படி மூடுச்சு? நான் மூணு நாளா... சரி. சரி, எப்படியோ மூடுச்சு. அப்ப வர்றீங்க.

இன்னும் கொஞ்ச நேரத்துல டாக்சி வந்துடும்னு தெரியும். வரட்டும். ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். நீங்க இப்படி உக்காருங்க. எங்க வேணும்னாலும் உக்காருங்க, அது சுவரு இல்ல, வெறும் பிளாஸ்திரி.

அன்னைக்கு... சிக்னல் விழலைன்னு சொன்னீங்களே. விடியக்காலை. வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்னீங்க. அப்ப என்னங்க பாத்தீங்க?

இல்ல, நான் பேசல. ஒரு வார்த்தை பேசமாட்டேன். சொல்லுங்க.

...

உம்.

...

உம்... அப்புறம்?